கணிப்பொறியின் சாவிக்கொத்து

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நீளமான பழைய பதிவேடு ஒன்று இருக்கிறது. நிறமாலைமானி வைத்திருக்கும் அலமாரியின் சாவியை எடுப்பவர் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்தச் சாவி, யார் எடுத்தார், எதற்காக, எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம் என ஐந்து பத்திகள். புதிதாக வரும் மாணவர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு முப்பட்டகம் காணாமல் போய், பதிவேட்டைப் புரட்டி அதைக் கண்டுபிடித்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

இந்த ஐந்து பத்திகளையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகெங்கும் கணிப்பொறிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் முறையும் இதே பதிவேட்டைத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் நேர் வழியில் வந்து சேரவில்லை. பல முறை பூட்டு உடைந்த பிறகே வந்து சேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். மழை வருமா என்று உங்கள் செல்பேசியில் பார்க்கிறீர்கள். செல்பேசிக்கு வானிலை தெரியாது. அதிலுள்ள நிரல், தொலைவில் உள்ள வேறொரு கணிப்பொறியைக் கேட்கிறது; அது விடை தருகிறது. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் இப்படிக் கேட்டுப் பெறுவதற்கென்று வகுத்து வைத்திருக்கும் வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். வாயில் என்றால் காவலர் இருப்பார் அல்லவா? வருகிற நிரல் ஒவ்வொரு முறையும் ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைக் காட்ட வேண்டும். முப்பது, நாற்பது எழுத்துகளும் எண்களும் ஒழுங்கின்றிக் கலந்த சரம் அது. அதுவே ஏ.பி.ஐ. சாவி.

மனிதர்களுக்குக் கடவுச்சொல், நிரல்களுக்குச் சாவி. இரண்டாவதைப் புரிந்துகொள்ள முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு மணி நேரம் போதவில்லை

1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில் ஒரு புதுமை செய்து காட்டப்பட்டது. அதுவரை ஒரு பெரிய கணிப்பொறியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். மற்றவர்கள் துளையட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பார்கள். கோர்பட்டோவின் குழு, ஓர் ஐ.பி.எம். கணிப்பொறியின் நேரத்தைச் சிறு சிறு துணுக்குகளாக வெட்டிப் பல முனையங்களுக்குப் பங்கிட்டது. ஒவ்வொருவருக்கும் கணிப்பொறி முழுவதும் தனக்கே சொந்தம் என்ற மயக்கம் உண்டாகும். இதற்கு நேரப் பகிர்வு முறை என்று பெயர். அந்த அமைப்பைச் சி.டி.எஸ்.எஸ். என்றார்கள்.

ஒரே வீட்டில் பலர் குடியேறினால் என்ன ஆகும்? அறைக்கு அறை பூட்டு வேண்டும். ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவர் கணக்கில் மற்றவர் நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கணிப்பொறியில் கடவுச்சொல் முதலில் புகுந்த இடங்களில் ஒன்று இதுவே.

அங்கே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் அவருக்கு ஒதுக்கீடு. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962இல் அவர் ஒரு காரியம் செய்தார். எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கேட்கும் வசதி அங்கே இருந்தது. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரை ஓர் அட்டையில் துளைத்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொடுத்துவிட்டார்! மறுநாள் காலையில் எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி அவருக்காகக் காத்திருந்தன. அவர் பிறர் கணக்குகளில் வேலையைத் தொடர்ந்தார். நெடுங்காலம் கழித்து இதை அவரே வெளியில் சொன்னார்.

அதே அமைப்பில் இன்னொரு விபத்தும் நடந்தது. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மற்றொருவர், உள்ளே வருபவர்களுக்கெல்லாம் காட்டும் ‘இன்றைய செய்தி’யைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரலின் குறைபாட்டால் இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அன்று முனையத்தில் அமர்ந்தவர்களுக்கெல்லாம் ‘இன்றைய செய்தி’யாக எல்லாருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் பூட்டில் குறை இல்லை என்பதைக் கவனியுங்கள். சாவிகளின் நகல் அனைத்தையும் ஒரே பெட்டியில் திறந்து வைத்திருந்ததே குறை.

பின்னோக்கிப் போக முடியாத கணக்கு

இதற்குத் தீர்வு கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டைட்டன் என்றொரு கணிப்பொறி இருந்தது. அங்கே பணியாற்றிய ரோஜர் நீதம் ஒரு யோசனை சொன்னார்: கடவுச்சொல்லைக் கணிப்பொறி ஏன் வைத்திருக்க வேண்டும்? மாரிஸ் வில்க்ஸ் 1968இல் எழுதிய நேரப் பகிர்வு பற்றிய நூலில் இந்த யோசனை அச்சேறியது.

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 4729 என்பது உங்கள் இரகசிய எண் என்போம். அதை அதனாலேயே பெருக்கினால் 2,23,63,441 வரும். இந்த எட்டு இலக்கங்களில் நடுவிலுள்ள நான்கை மட்டும் எடுங்கள்: 3634. காவலரிடம் 3634ஐ மட்டும் எழுதி வைக்கிறோம். நாளை நீங்கள் வந்து 4729 என்றால் அவர் பெருக்கிப் பார்ப்பார். நடுவில் 3634 வந்தால் உள்ளே விடுவார். காவலரின் குறிப்பேட்டைத் திருடியவன் கையில் 3634தான் இருக்கும். அதிலிருந்து 4729க்கு எப்படிப் போவது? முன்னும் பின்னும் இருந்த இலக்கங்கள் தொலைந்துவிட்டன. பால் தயிராகும், தயிர் பாலாகாது. இப்படி முன்னோக்கி எளிதாகவும் பின்னோக்கி மிகக் கடினமாகவும் உள்ள கணக்கை ஒருவழிச் சார்பு என்கிறோம்.

நம்முடைய பென்சில் கணக்கு வெறும் விளையாட்டுதான். திருடன் 0000 முதல் 9999 வரை எல்லா எண்களையும் பெருக்கிப் பார்த்துவிடலாம். பொருந்தும் எண் அகப்பட்டுவிடும். உண்மையில் பயன்படும் சார்புகளும் இந்த ‘எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும்’ தாக்குதலுக்கு விலக்கல்ல. இதை அளந்து காட்டியவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும். யூனிக்ஸ் அமைப்பின் அனுபவத்தை வைத்து 1979 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்களே கொண்டது. இன்றும் படிக்கச் சுவையானது.

மனிதர்கள் எப்படிப்பட்ட கடவுச்சொற்களை வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 3,289 சொற்கள். அவற்றில் 15 ஒரே ஓர் எழுத்து! 72 இரண்டு எழுத்துகள். 464 மூன்று எழுத்துகள். 477 நான்கு எழுத்துகள். அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் தேடினால் கிடைப்பவை 492. கூட்டிப் பார்த்தபோது, 100க்கு 86 கடவுச்சொற்கள் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. தேர்வு எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் என் மாணவர்களை நான் இனிமேல் கடிந்துகொள்வதற்கில்லை.

மோரிஸும் தாம்ப்சனும் இரண்டு மருந்துகள் சொன்னார்கள். ஒன்று, கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது. யூனிக்ஸின் முந்தைய முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்-209 என்ற மறைகுறிப் பொறியைப் பின்பற்றியது. கணிப்பொறிக்கு அது மிக வேகமான கணக்காக இருந்தது. திருடனுக்கும் அந்த வேகம் உதவியது. அதற்குப் பதிலாக ஒரு கடினமான மறைகுறியை 25 முறை அடுக்கிச் செய்தார்கள். மற்றொன்று உப்பு. ஆம், அதை அவர்கள் உப்பு என்றே அழைத்தார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் 12 பிட் அளவுள்ள ஓர் எண்ணைக் கலந்து கணக்கிடுவது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் குறிப்பேட்டில் இரண்டு வேறு விடைகள் இருக்கும். திருடன் முன்கூட்டியே ஒரு விடைப்பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள நினைத்தால், 2ஐ 12 முறை பெருக்கிய அளவு, அதாவது 4,096 பட்டியல்கள் போட வேண்டும்.

நிரல்கள் கதவைத் தட்டுகின்றன

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். வலையம் வந்தது, கடைகள் வலையத்துக்கு வந்தன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேல்ஸ்போர்ஸ் நிறுவனமும் அதே ஆண்டு நவம்பரில் ஈபே நிறுவனமும், மனிதர்களுக்கான பக்கங்களோடு நிரல்களுக்கான வாயிலையும் திறந்தன. 2002இல் கூகுளும் அமேசானும் பின்தொடர்ந்தன.

கூகுள் செய்தது நம் கதைக்கு முக்கியமானது. 2002 ஏப்ரலில், தன்னுடைய தேடும் பொறியை வெளியார் நிரல்கள் கேட்டுப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பெயரைப் பதிவு செய்துகொண்டால் ஒரு சாவி கிடைக்கும். அந்தச் சாவியுடன் ஒரு நாளைக்கு 1,000 தேடல்கள் கேட்கலாம். அதற்கு மேல் இல்லை.

இங்கே சற்று நில்லுங்கள். தேடல் விடைகள் இரகசியமா? இல்லை, யார் வேண்டுமானாலும் வலைப்பக்கத்தில் பார்க்கலாம். பிறகு சாவி எதற்கு? எண்ணுவதற்கு. மின்சார வாரியம் நம் வீட்டில் மீட்டர் வைப்பது நாம் யார் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் அல்ல. எவ்வளவு எடுக்கிறோம் என்று அளப்பதற்கும்தான். ஏ.பி.ஐ. சாவி முதலில் பூட்டுக்கான சாவியாக இருந்ததைவிட மீட்டர் எண்ணாகவே அதிகம் இருந்தது. இந்த இரட்டை வேடம் பின்னால் பல குழப்பங்களுக்குக் காரணமாயிற்று.

மீட்டர் யார் கையிலோ அவர் கையில்தான் மின்சாரமும். 2006 டிசம்பரில் கூகுள் அந்தத் தேடல் சாவியைப் புதியவர்களுக்குத் தருவதை நிறுத்தியது. 2023இல் ரெட்டிட் நிறுவனம் தன் வாயிலுக்குப் பெருங்கட்டணம் விதித்தபோது, அப்போலோ என்ற புகழ்பெற்ற செயலி கட்டுப்படியாகாமல் அந்த ஆண்டு ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. பிறர் வாயிலை நம்பிக் கட்டிய வீடு அது. இதை அநியாயம் என்பவர் உண்டு. வாடகை கேட்பது வீட்டுக்காரர் உரிமை என்பவரும் உண்டு. ஒரு தவணை முன்னறிவிப்பாவது போதிய அளவு தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சாவியைக் காட்டாமல் சாவி இருப்பதைக் காட்டுவது

சாவியை ஒவ்வொரு கேள்வியோடும் அனுப்பினால் வழியில் இருப்பவர் பார்த்து நகலெடுத்துக்கொள்ளலாம். அந்நாளில் பல சேவைகள் தபால் அட்டையில் எழுதுவதைப் போல எல்லாவற்றையும் திறந்தபடியே அனுப்பின.

1996இல் பெல்லாரே, கனெட்டி, க்ராசிக் ஆகிய மூவர் ஓர் அழகான முறையை வெளியிட்டிருந்தார்கள். அதன் பெயர் எச்மாக். நீங்கள் கேட்கும் கேள்வியையும் உங்கள் இரகசியச் சாவியையும் ஒன்றாகக் கலந்து ஒருவழிச் சார்பில் போடுங்கள். வரும் விடையே உங்கள் கையொப்பம். கேள்வியையும் கையொப்பத்தையும் அனுப்புங்கள், சாவியை அனுப்பாதீர்கள். மறுபக்கத்தில் இருப்பவரிடமும் அதே சாவி இருப்பதால் அவரும் கணக்கிட்டு ஒப்பிடுவார். கேள்வியில் ஓர் எழுத்தை யாராவது மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

2006 மார்ச்சில் அமேசான் தன்னுடைய கோப்புக் கிடங்குச் சேவையான எஸ்-3ஐத் தொடங்கியபோது இந்த முறையைக் கையாண்டது. ஆளுக்கு இரண்டு சரங்கள்: ஒன்று வெளிப்படையான அடையாளம், மற்றொன்று ஒருபோதும் அனுப்பக் கூடாத இரகசியம். பழைய கேள்வியை ஒருவர் பதிவு செய்து வைத்து மறுபடியும் அனுப்பினால்? அதற்காக நேரமும் கையொப்பத்துக்குள் சேர்க்கப்பட்டது. இரு கடிகாரங்களும் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் கேள்வி தள்ளுபடி. கணிப்பொறியின் கடிகாரம் தவறிப்போனதால், சாவி சரியாக இருந்தும் கதவு திறக்காமல் திண்டாடிய நிரலாளர்கள் பலர்.

ஆனால் இதில் ஒரு நட்டம் உண்டு. கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் சேவை நடத்துபவரும் மூலச் சாவியை வைத்திருக்க வேண்டும். ஒருவழிச் சார்பில் போட்டுச் சக்கையை மட்டும் வைத்திருக்க முடியாது. ஆகவே நீதம் ஒழித்த சாவிப்பெட்டி மறுபடியும் வந்துவிடுகிறது; அதைத் தனியாக மிகப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும். வழித்தடம் முழுவதும் மறைகுறியில் செல்லும் இக்காலத்தில், பல சேவைகள் சாவியையே அனுப்பும் பழைய எளிய முறைக்குத் திரும்பிவிட்டன. அறிவியலில் வளர்ச்சி எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.

பால்காரரிடம் வீட்டுச் சாவி

இப்போது கதையின் மோசமான பகுதிக்கு வருகிறோம். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய நட்புத் தளங்கள் பல தோன்றின. ‘உங்கள் நண்பர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று பார்க்கலாமா? உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தாருங்கள்’ என்று அவை கேட்டன. இலட்சக்கணக்கானோர் கொடுத்தார்கள்!

முகவரிப் பட்டியலைப் பார்க்கத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கடவுச்சொல்லை வைத்து எல்லாக் கடிதங்களையும் படிக்கலாம், அழிக்கலாம், உங்கள் பெயரில் எழுதலாம், கடவுச்சொல்லையே மாற்றி உங்களை வெளியே நிறுத்தலாம். வாசலில் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போக வருபவரிடம், பீரோ சாவியும் சேர்ந்த கொத்தைக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. பால்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் சட்டைப் பையிலிருந்து கொத்து விழுந்துவிட்டால்? இன்னொரு தொல்லையும் உண்டு. பால்காரரை நிறுத்த வேண்டுமானால் வீட்டுப் பூட்டையே மாற்ற வேண்டும். பூட்டை மாற்றினால் பேப்பர்காரரிடமும் சமையல் செய்பவரிடமும் இருக்கும் சாவிகளும் வீணாகும்.

2006 நவம்பரில் ட்விட்டரில் பணியாற்றிய பிளெய்ன் குக் இந்தச் சிக்கலை எதிர்கொண்டார். கிறிஸ் மெசினா முதலிய சிலர் அவருடன் சேர்ந்தார்கள். 2007 டிசம்பரில் ஓஆத் என்ற பொது விதிமுறையின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதன்படி நீங்கள் வெளியாரிடம் கடவுச்சொல்லைச் சொல்வதில்லை. அவர் உங்களை உங்கள் சேவையின் வாசலுக்கே அனுப்பி வைப்பார். அங்கே, ‘இவர் உங்கள் முகவரிப் பட்டியலை மட்டும் படிக்க விரும்புகிறார், சம்மதமா?’ என்று சேவை உங்களைக் கேட்கும். சம்மதித்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் செல்லும் தனிச் சாவி ஒன்றை அவருக்குத் தரும். வேண்டாம் என்றால் அந்தச் சாவியை மட்டும் செல்லாததாக்கலாம். மற்ற எதுவும் மாறாது.

முதல் பதிப்பில் ஓட்டை இருந்தது. 2009 ஏப்ரலில் அது வெளிப்பட்டது. ஒரு வேலையைத் தொடங்குபவரும் அதற்குச் சம்மதம் தருபவரும் ஒரே ஆள்தானா என்று அம்முறை சரிபார்க்கவில்லை. ஒருவன் தான் தொடங்கிய கோரிக்கைக்கு உங்களைச் சம்மதிக்க வைத்து, உங்கள் சாவியைத் தான் பெற்றுக்கொள்ளலாம். சில வாரங்களில் திருத்தினார்கள். 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர், கடவுச்சொல்லை வாங்கி வேலை செய்யும் வெளி நிரல்களை முழுவதுமாக நிறுத்தியது. இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மூன்றாண்டுகள் அதைத் தொகுத்துவந்த எரன் ஹாமர், இது சிக்கலாகிப் பாதுகாப்புக் குறைந்துவிட்டது என்று சொல்லித் தன் பெயரை எடுத்துக்கொண்டு விலகினார். அவர் குறை கூறிய அந்த இரண்டாம் பதிப்பைத்தான் இன்று உலகம் பெரிதும் பயன்படுத்துகிறது.

எத்தனை எழுத்து போதும்?

நல்ல சாவி எப்படி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? 128 பிட் நீளமுள்ள சாவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தியமான சாவிகள் 2இன் 128ஆம் அடுக்கு. அதாவது 34ஐ எழுதிப் பின்னால் 37 சுழிகள் போட வேண்டும். ஒரு வினாடிக்கு ஒரு இலட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் பொறி திருடனிடம் இருக்கட்டும். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 10இன் 19ஆம் அடுக்கு ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதைப்போல் 78 கோடி மடங்கு!

மனிதர் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல்லுக்கு மோரிஸும் தாம்ப்சனும் சொன்ன மெதுவான கணக்கு ஏ.பி.ஐ. சாவிக்குத் தேவைப்படாததும் இதனால்தான். சாவி நீளமாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் வேகமான ஒருவழிச் சார்பே போதும். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் கேள்விகள் வந்து விழும் வாயிலில் வேகம் முக்கியம் அல்லவா?

ஆனால் ‘ஒழுங்கற்றும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2008 மே மாதத்தில் டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பில் ஒரு பிழை வெளிப்பட்டது. 2006இல் யாரோ நல்லெண்ணத்தோடு நீக்கிய இரண்டு வரிகளால், சாவி உண்டாக்கும் நிரலுக்குக் கிடைத்துவந்த சமவாய்ப்பு வற்றிப்போயிற்று. ஒரே வகைக் கணிப்பொறியில், ஒரே வகைச் சாவிக்கு, ஏறத்தாழ 32,768 சாவிகளே உண்டாக முடியும் என்ற நிலை. பார்வைக்கு அவை நீளமாக, குழப்பமாகத்தான் இருந்தன. உள்ளே இருந்ததோ 15 பிட். நம் பென்சில் கணக்கைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்! இயற்பியல் படிப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஒழுங்கின்மையைக் கணக்குப் போட்டு உண்டாக்க முடியாது. வெப்ப அதிர்வு, கதிரியக்கம் போன்ற இயற்கை நிகழ்விலிருந்துதான் அள்ள வேண்டும்.

பலகையில் எழுதிய சாவி

சென்ற அறிவியல் கண்காட்சிக்காக என் மாணவி ஒருவர் ஒரு வானிலைப் பலகை செய்தார். சிறிய கணிப்பொறி ஒன்று ஒரு சேவையிடம் கேட்டு, மாவட்டத்து மழை நிலவரத்தை விளக்குகளால் காட்டும். முதல் நாள் மாலை நன்றாக வேலை செய்தது. மறுநாள் காலை, பார்வையாளர்கள் வரத் தொடங்கிய நேரத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. மின்னிணைப்பைப் பார்த்தோம், கம்பிகளைப் பார்த்தோம். பிறகுதான், சேவையிலிருந்து வந்த விடையை நான் படித்தேன். அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்றது அது. பலகை கேட்டதோ பத்துக் கேள்விகூட இல்லை.

அவர் தன் நிரலை முந்தைய இரவு, எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் பெருமையோடு வெளியிட்டிருந்தார். நிரலின் மூன்றாவது வரியில் சாவி இருந்தது.

அவர் அழுதார். உலகத்துப் பெரிய நிறுவனங்கள் செய்த தவறுதான் இது என்று நான் சொன்னதில் அவருக்கு அப்போது ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது உண்மை. 2016இல் ஊபர் நிறுவனத்தின் நிரலாளர்களின் தனிக் களஞ்சியத்துக்குள் இருவர் புகுந்தார்கள். அங்கே நிரலுக்குள் அமேசான் கிடங்கின் சாவி எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்தார்கள். அவற்றில் அமெரிக்க ஓட்டுநர்கள் சுமார் 6 இலட்சம் பேரின் உரிம எண்களும் அடங்கும். நிறுவனம் அவர்களுக்கு 1 இலட்சம் டாலர் கொடுத்து மூடி மறைத்தது. 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. அந்த ஓட்டுநர்கள் எந்தக் களஞ்சியத்திலும் எதையும் எழுதியவர்கள் அல்லர். ஓராண்டு காலம் அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கிட்ஹப் என்ற பொதுக் களஞ்சியத்தை ஏறத்தாழ ஆறு மாதம் கவனித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளில் சாவிகள் திறந்து கிடந்தன. நாள்தோறும் புதிதாக ஆயிரக்கணக்கில் சேர்ந்துகொண்டும் இருந்தன. பிறகு அந்த வரியை அழித்துவிட்டால் போதாதா என்றால், போதாது. களஞ்சியம் பழைய பதிப்புகளையும் நினைவில் வைத்திருக்கும். தேடித் திரியும் திருட்டு நிரல்கள் அதற்குள் படித்தும் இருக்கும். சாவியையே செல்லாததாக்க வேண்டும்.

நானும் அந்த மாணவியும் அன்று அதைத்தான் செய்தோம். சேவையின் தளத்தில் ‘உங்கள் சாவிகள்’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆய்வகப் பதிவேடு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சாவிக்கும் நீங்கள் இட்ட ஒரு பெயர், அதன் முதல் சில எழுத்துகள் மட்டும், அது என்னென்ன செய்யலாம் என்ற வரம்பு, உண்டாக்கிய நாள், கடைசியாகப் பயன்பட்ட நேரம். பக்கத்தில் ‘நீக்கு’ என்ற பொத்தான். முழுச் சாவி எங்கும் இல்லை. உண்டாக்கும் அந்த ஒரு தடவை மட்டுமே அது திரையில் தெரியும். அதன் பிறகு சேவையிடம் இருப்பது ஒருவழிச் சார்பின் விடைதான். அவர்களே நினைத்தாலும் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடியாது. 1968இல் அச்சான யோசனை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

‘கடைசியாகப் பயன்பட்ட நேரம்’ என்ற பத்தியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அந்த மாணவியின் சாவி இரவு இரண்டரை மணிக்குப் பயன்பட்டிருந்தது. அவரோ அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரிய சேவைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு சாவிகள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஏன் இரண்டு என்று யோசித்திருக்கிறீர்களா? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தை மாற்றுவதற்காக. இரண்டாம் சாவியை உண்டாக்கி, நிரல்களில் ஒவ்வொன்றாக அதைப் பொருத்தி, பழையது கடைசியாகப் பயன்பட்ட நேரம் நகராமல் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு பழையதை நீக்கலாம். இடையில் ஒரு நொடிகூட வேலை நிற்காது.

களஞ்சியங்களும் இப்போது தாமே தேடிப் பார்க்கின்றன. யாராவது தவறுதலாகச் சாவியை வெளியிட்டால் கண்டுபிடித்து, சாவி தந்த சேவைக்குச் சொல்லிவிடுகின்றன. ஆனால் ஒழுங்கற்ற எழுத்துகளின் கடலில் எது சாவி, எது சாவி இல்லை என்று எப்படித் தெரியும்? 2021 ஏப்ரலில் கிட்ஹப் தன் சாவிகளின் வடிவத்தையே மாற்றியது. ஜி, எச், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் முன்னால் வரும். தலைப்பெழுத்தைப் பார்த்ததும் யார் வீட்டுச் சாவி என்று தெரிந்துவிடும். இறுதி ஆறு எழுத்துகள், முன்னுள்ள எழுத்துகளைக் கணக்கிட்டு வருவன. அவை பொருந்தாவிட்டால் அது சாவியே அல்ல என்று பதிவேட்டைப் புரட்டாமலே சொல்லிவிடலாம். இடையில் அடிக்கோடு எதற்கு? சிறு கோட்டைப் போட்டால், திரையில் இரண்டு முறை தட்டித் தேர்ந்தெடுக்கும்போது சாவி பாதியில் அறுபட்டுவிடும்; அடிக்கோடு என்றால் முழுச் சாவியும் ஒன்றாகத் தேர்வாகும்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் பலகை எரிந்தது. புதிய சாவி நிரலுக்குள் இல்லை. தனிக் கோப்பு ஒன்றில், களஞ்சியத்துக்குப் போகாத இடத்தில் இருந்தது. அந்தப் புதிய சாவிக்கு மாணவி இட்ட பெயர்: ‘மூன்றாவது வரி’.